நிறை குறைந்த பிள்ளைக்கு நெஞ்சுச் சூடு

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளையின் தோலுக்குக் கீழ் கொழுப்பு மிகவும் குறைவு. உடற்சூடு விரைவில் போய்விடும். மாரியில், தறப்பாள் கொட்டிலின் ஈரத்தில் சொல்லவே வேண்டாம். குளிர்ந்த பிள்ளை குடித்த பாலை வளர்வதற்குச் செலவிடாது. சூடு காப்பதற்கே எரித்துவிடும்.

1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியுபேட்டர் என்னும் சூட்டுப்பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரியொன்றில், வைத்தியர் எட்கார் ரே தாயின் நெஞ்சையே பெட்டியாக்கினார். கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல் இருப்பதால் 'கங்காரு முறை' எனப் பெயர் வந்தது. இதை ஏழைகளின் மாற்றுவழி என்று எண்ண வேண்டாம். வசதியுள்ள ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள்.

பிள்ளைக்குத் தொப்பியும் நப்கினும் போதும், சட்டை வேண்டாம். மார்புகளுக்கிடையில் நிமிர்த்தி, தோலோடு தோல் படும்படி வைத்து, கால்களைத் தவளைபோல மடித்து, சீலைத் துண்டால் சுற்றிக் கட்டுங்கள். கட்டின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே நிற்கவேண்டும். முகத்தை ஒருபக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மூடுப்படவில்லை என்று அடிக்கடி பாருங்கள். தாய் குளிக்கப் போனால் தகப்பன் கட்டிக்கொள்ளலாம். (வெட்கம் எதற்கு? வயலில் சட்டையில்லாமல் நின்றவர்தானே.) ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகும், இரவிலும் இதை விடாதீர்கள்.

இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாய்ப்பால், சீனித்தண்ணீர் வேண்டாம். முதல் நாட்களில் நிறை சற்றுக் குறையும். இரண்டு வாரமளவில் பிறந்த நிறைக்குத் திரும்பும். குடும்பநல மாதுவிடம் நிறுத்துப் பாருங்கள்.

பால் உறிஞ்சாவிட்டால், நெஞ்சில் வைத்தும் பாதம் குளிர்ந்தே இருந்தால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால், விடியட்டும் என்றிராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வழியிலும் பிள்ளை நெஞ்சிலேயே இருக்கட்டும்.