திரையில் ஒரு நிறம்

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அட்டாரி 2600 என்னும் விளையாட்டுக் கருவியின் நினைவகம் 128 பைட்டுகளே. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு வேண்டும். உங்கள் வீட்டு முகவரியை எழுதினாலே அதன் பெரும்பகுதி நிரம்பிவிடும். முழுத்திரைப் படத்தை அதில் சேமித்து வைக்க இயலாது.

இக்கருவிக்கு நிரல் எழுதப் பழகுவோர் முதலில் திரை முழுவதும் ஒரே நிறத்தைப் பூசிப் பார்ப்பர். எளிய வேலைதானே என்று எண்ணாதீர்கள்! பழைய தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படத்தைத் தீட்டிச் செல்லும். அமெரிக்க முறையில் ஒரு படத்திற்கு 262 வரிகள். ஒரு வரிக்குச் செயலி பெறுவது 76 துடிப்புகள் மட்டுமே. நிறத்தின் எண்ணை உரிய இடத்தில் இட்டபின்னும் நிரலுக்கு ஓய்வில்லை. ஒவ்வொரு படத்தின் தொடக்கத்தையும் தொலைக்காட்சிக்கு அறிவித்து, நெசவாளர் இழை எண்ணுவதுபோல வரிகளை எண்ணிவர வேண்டும். எண்ணிக்கை பிசகினால் படம் உருளத் தொடங்கும்.

வரிதோறும் நிறத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால்? ஓரிரு கட்டளைகளே கூடுதல். திரையெங்கும் வண்ணப் பட்டைகள் தோன்றும்!

பயிற்சி: ஒரு முழுப் படத்திற்குச் செயலி பெறும் துடிப்புகள் எத்தனை? கணக்கிட்டு, விடையை எண்ணாலன்றித் தமிழ்ச் சொற்களால் எழுதுக.