தலைக்கு மேல் கல் தொங்கிய நகரம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"விளையாட்டு வினையாகும்" என்பது பெரியோர் வாக்கு. விளையாட்டு வரலாற்றுப் பாடமும் ஆகும் என்று நான் சொன்னால் தோழியர் சிலர் நகைக்கக்கூடும். வீடியோ விளையாட்டு என்றாலே ஓடுவது, சுடுவது, புள்ளிகள் சேர்ப்பது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். ஆனால் எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு நகரத்தைச் சில கலைஞர்கள் கற்பனையில் எழுப்பினார்கள். அதற்குக் கால்வாய்களும் கோயிலும் நூலகமும் அமைத்தார்கள். ஒரு பழைய வரலாற்றையும் எழுதிவைத்தார்கள். அதோடு நில்லாமல், அந்த வரலாற்றைப் பற்றி அந்நாட்டு மக்களே ஒருவரோடொருவர் மாறுபட்டுப் பேசும்படியும் செய்தார்கள். அந்த நகரத்தின் பெயர் விவெக். அதன் கதைகளை அறிந்துகொள்வதும், அவற்றின் வழியாக வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டும் அதன் உலகமும்

அமெரிக்காவைச் சேர்ந்த பெதஸ்டா நிறுவனம் 1994ஆம் ஆண்டில் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் விளையாட்டு வரிசையைத் தொடங்கியது. அவ்வரிசையில் மூன்றாவதாக 2002இல் வெளிவந்தது 'மொரோவின்ட்'. டாட் ஹோவர்ட் இதன் திட்டத் தலைவராகவும், கென் ரோல்ஸ்டன் தலைமை வடிவமைப்பாளராகவும் பணியாற்றினார்கள். மைக்கேல் கிர்க்பிரைடு என்பவர் ஓவியராகவும் எழுத்தாளராகவும் பங்காற்றினார்.

டாம்ரியல் என்பது இக்கதை உலகின் கண்டம். அதன் வடகிழக்கில் மொரோவின்ட் என்னும் நாடு உள்ளது. சாம்பல் நிறத் தோலும் சிவந்த கண்களும் உடைய டன்மர் இனத்தார் அங்கே வாழ்கின்றனர். அந்நாட்டில் வார்டன்ஃபெல் என்றொரு பெரிய தீவு உண்டு. தீவின் நடுவில் செம்மலை என்னும் எரிமலை. தீவின் தென்பகுதியில் நீரின்மேல் எழுந்து நிற்பதுதான் விவெக் நகரம்.

இவ்விளையாட்டில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ஊராரிடம் வழி கேட்டு, அவர்கள் சொல்வதை நினைவில் வைத்துத்தான் நடக்கவேண்டும். அவர்கள் சொல்லும் வழி சில வேளைகளில் தவறாகவும் இருக்கும். வீடுகளிலும் கடைகளிலும் ஏராளமான சிறு நூல்கள் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துப் படிக்கலாம். ஆகவே, யார் சொல்வதை நம்புவது என்னும் கேள்வி முதல் நாளிலிருந்தே ஆடுபவரைத் தொடர்கிறது.

நகரின் அமைப்பு

விவெக் நகரில் வீதிகள் மிகக் குறைவு. நீருக்குள்ளிருந்து எழும் பெருங்கட்டடங்களே அங்கே பேட்டைகள். அவற்றைக் 'கான்டன்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் அடுக்கடுக்காக மேலே குறுகிச் செல்லும். உச்சியில் முற்றமும், நடு அடுக்குகளில் கடைகளும் வீடுகளும், அடியில் கழிவுநீர்ப் பாதைகளும் உள்ளன. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குப் பாலத்தின் வழியே நடந்து போகலாம். அல்லது படகோட்டிக்குக் காசு கொடுத்துப் படகில் போகலாம்.

வடக்கே அயல்நாட்டார் பேட்டை. அடுத்து ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி என்னும் மூன்று பெருங்குடிகளின் பேட்டைகளும், போட்டி அரங்கமும் உள்ளன. புனித ஓல்ம்ஸ், புனித டெலின் என்னும் இரு பேட்டைகளில் எளிய மக்கள் வாழ்கின்றனர். குயவர், கண்ணாடித் தொழிலாளர், தையற்காரர், சாயமிடுவோர், மீன் விற்போர் ஆகியோரின் கூடங்களை அங்கே காணலாம். தெற்கே கோயில் பேட்டையும், அதற்கும் அப்பால் அரண்மனையும் அமைந்துள்ளன. அந்த அரண்மனையில் வாழ்பவரின் பெயரும் விவெக் என்பதே. டன்மர் மக்கள் தெய்வமாக வணங்கும் மூவரில் அவர் ஒருவர். அல்மலெக்சியா, சோதா சில் என்போர் மற்ற இருவர். நகரத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

தலைக்கு மேல் ஒரு கல்

இந்நகருக்குப் புதிதாக வருபவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது கோயில் பேட்டைக்கு மேலே தொங்கும் ஒரு பெரும் பாறையையே. கயிறு இல்லை, தூண் இல்லை. அது வானத்தில் அப்படியே நிற்கிறது. அதன் பெயர் பார் டாவ்.

கோயில் அதைப் பற்றிச் சொல்லும் கதை இது. ஷியோகொராத் என்னும் பித்துத் தெய்வம், வானில் திரிந்த ஒரு சிறு நிலவை ஏமாற்றி, புதிதாக எழுந்த நகரின்மேல் விழும்படி ஏவியது. விவெக் கையை ஒருமுறை அசைத்தார். நிலவு நின்றுவிட்டது. அவருடைய துணிவைக் கண்டு வியந்த அந்நிலவு, என்றென்றும் அவருக்குப் பணிசெய்வதாக உறுதி கூறியது.

மக்களிடையே வழங்கும் மற்றொரு கதையும் உண்டு. விவெக்கின்மேல் மக்கள் கொண்ட அன்பே அந்தக் கல்லைத் தாங்குகிறதாம். அந்த அன்பு என்று குறைகிறதோ, அன்றே கல் விட்ட வேகத்திலேயே விழுந்துவிடுமாம்.

தோழியரே, இவ்விரண்டாவது கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். "நீ என்னிடம் அன்பு செலுத்தாவிட்டால் உன் வீட்டின்மேல் கல் விழும்" என்பது அன்பா, அச்சமா? தாய் தன் குழந்தையிடம் அப்படிச் சொல்வாளா? கல்லைத் தடுத்தவர் அதைக் கடலில் இறக்கி வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அற்புதம் என்று எல்லாரும் போற்றும் ஒன்றை ஆபத்து என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அந்தக் கல்லின் உள்ளே குடைந்து கோயிலார் ஒரு சிறைச்சாலை அமைத்தனர். அதற்கு 'உண்மை அமைச்சகம்' என்று பெயர். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' என்னும் நாவலில், பொய்யைப் பரப்பும் அரசுத் துறைக்கும் இதே பெயர்தான். கோயிலின் கொள்கைக்கு மாறாகப் பேசியவர்களை அந்தரத்தில் தொங்கும் அந்தக் கல்லுக்குள் அடைத்தார்கள். கீழே மக்கள் கல்லை வணங்கினார்கள்.

ஒரு மரணம், பல கதைகள்

அப்படி அடைத்து வைக்கும் அளவுக்கு அவர்கள் என்ன பேசினார்கள்? அதை அறியப் பழைய காலத்துக்குப் போகவேண்டும். முதல் யுகத்தின் 700ஆம் ஆண்டில் செம்மலையில் ஒரு பெரும் போர் நடந்தது என்பது இவ்விளையாட்டின் வரலாறு. டன்மர் மக்களின் தலைவர் நெரவார் அந்தப் போரை நடத்தினார். போர் முடிந்தது. நெரவார் இறந்தார். அவருடைய துணைவியும் அறிவுரையாளர்களுமாக இருந்த மூவரும் பின்னர் தெய்வங்கள் ஆனார்கள். இதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். நெரவார் எப்படி இறந்தார் என்பதில்தான் வழக்கு.

போரில் பட்ட காயங்களால் அவர் இறந்தார், மூவரும் தம் நற்பண்புகளாலும் தவத்தாலும் தெய்வநிலை அடைந்தனர் என்பது கோயிலின் கூற்று.

ஆஷ்லாண்டர் எனப்படும் நாடோடி மக்கள் இதை மறுக்கிறார்கள். செம்மலையின் உள்ளே இருந்த ஓர் இதயத்தின் ஆற்றலை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று நெரவார் தடுத்தார். அதனால் அந்த மூவரே அவரைக் கொன்றார்கள் என்கிறார்கள். நெரவாரின் தோழரான அலாண்ட்ரோ சுல் என்னும் வீரர் தங்களிடம் வந்து வாழ்ந்து, இதைச் சொல்லிப் போனார் என்பது அவர்கள் காட்டும் சான்று.

விவெக்கே ஆடுபவரிடம் தரும் ஒரு குறிப்பு மூன்றாவது சான்று. அதில் அவர் கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நெரவாருக்குக் கொடுத்த வாக்கை மீறி, அந்த இதயத்தின் ஆற்றலால்தான் தெய்வமானோம் என்பதை ஒப்புக்கொள்கிறார்.

நான்காவது சான்றுதான் மிகவும் விந்தையானது. விவெக் எழுதியதாகச் சொல்லப்படும் போதனை நூல் ஒன்று விளையாட்டில் உண்டு. அதை எழுதியவர் மேலே குறிப்பிட்ட கிர்க்பிரைடு. அதில் 36 பாடங்கள். ஒரு பாடத்தில் வரும் எண்களைக் கொண்டு சொற்களை எண்ணி எடுத்தால், ஒளித்து வைத்த ஒரு செய்தி வெளிப்படுகிறது. தாம் தெய்வநிலையைத் திருடியதையும் நெரவாரைக் கொன்றதையும் அவர் அதில் ஒப்புக்கொள்கிறார்! ஊரறியச் சொல்லாததை எழுத்துக்குள் புதைத்து வைத்தார் போலும்.

இந்நான்கில் எது உண்மை என்று விளையாட்டு எங்கும் தீர்ப்பு வழங்குவதில்லை. நான்கையும் நம் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

ஒரு நூலகப் பெண்

இந்நகரில் என் மனத்தைக் கவர்ந்தவர் தெய்வமோ வீரரோ அல்லர். கோயில் பேட்டையின் நூலகத்தில் பணிசெய்யும் மெஹ்ரா மிலோ என்னும் பெண் குருவே அவர். தடைசெய்யப்பட்ட ஏடுகளை மறைவாகக் காத்துவரும் கருத்து மாறுபட்ட குருமார்களின் நட்பு அவருக்கு உண்டு. நெரவார் மீண்டும் பிறப்பார் என்னும் வாக்கை விசாரித்து வருபவருக்கு எந்த நூலைப் படிக்கலாம் என்று அவர் வழி காட்டுகிறார். பிறகு ஒருநாள் அவரை நூலகத்தில் காணவில்லை. கல்லுக்குள் இருந்த சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு நூலைத் தேடிக் கொடுத்ததற்குச் சிறை! ஆடுபவர் அங்கே சென்று அவரை மீட்கலாம். கதையின் பிற்பகுதியில் விவெக்கே மனம் மாறி, இவர்களைத் துன்புறுத்துவதை நிறுத்துவதாகச் சொல்கிறார். நெடுங்காலம் மூடிய கதவு திறந்தது. ஆனால் கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கல் விழுந்த நாள்

தொடரின் பிற படைப்புகள் இக்கதையை முன்னும் பின்னும் நீட்டுகின்றன. 2017இல் வெளிவந்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்: மொரோவின்ட்' ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைக் காட்டுகிறது. நகரின் கட்டடங்கள் அப்போது இன்னும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கல் அப்போதே தலைக்கு மேல் தொங்குகிறது. விவெக்கின் ஆற்றல் குறையும்போது கல் விழுந்துவிடுமோ என்று நகரமே நடுங்குகிறது. எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது.

கிரெக் கீஸ் எழுதி 2009இல் வெளிவந்த 'தி இன்ஃபெர்னல் சிட்டி' என்னும் நாவல் முடிவைச் சொல்கிறது. விவெக் மறைந்துபோகிறார். கல்லைத் தாங்க ஆள் இல்லை. ஆகவே அறிவாளிகள் சிலர் ஒரு பொறியைச் செய்து அதைத் தாங்கிப் பிடித்தனர். அப்பொறி இயங்க உயிர்களின் ஆன்மாக்கள் தேவைப்பட்டன. அதைச் செய்தவர்களுள் ஒருவரான சுல், தாம் நேசித்த பெண்ணையே அதற்குப் பலியாக்கப் போகிறார்கள் என்று அறிந்து தடுக்க முயல்கிறார். பொறி உடைந்தது. நான்காம் யுகத்தின் 5ஆம் ஆண்டில் கல் விழுந்தது. நகரம் அழிந்தது. செம்மலை வெடித்துத் தீவையே சாம்பலாக்கியது.

உயிர் பிழைத்தவர்கள் அகதிகளாய்ச் சிதறினார்கள். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில், குளிர்நாட்டு நகரமான வின்ட்ஹெல்மின் நெருக்கமான ஒரு சேரியில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழ்வதைக் காணலாம். சுல் தவறு செய்தாரா? ஒரு பெண்ணைக் காக்க நகரத்தை இழந்தாரே என்று சிலர் கேட்பர். நாள்தோறும் உயிர்களைத் தின்றுதான் ஒரு நகரம் நிற்கவேண்டும் என்றால், அது என்றோ விழத் தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து.

முடிவுரை

இந்நகரம் கற்பனையே. ஆனால் அது கற்பிக்கும் பாடம் கற்பனை அன்று. ஒரு கதையைக் கேட்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதைச் சொல்பவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்? இதனால் அவருக்கு ஆகும் நன்மை என்ன? இதில் யாருடைய குரல் கேட்கவில்லை? கோயிலின் கதையால் கோயிலுக்கு நன்மை. நாடோடிகளின் கதையோ கேட்டவர் சொல்லக் கேட்டது. ஆகவே அதையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. பேசவே முடியாமல் போனவர் இறந்துபோன நெரவார். இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்ப்பதே வரலாற்று அறிவு. ஆண்டுகளை நெட்டுருச் செய்வது தேர்வுக்கு உதவும். சீர்தூக்கிப் பார்ப்பது வாழ்வுக்கு உதவும்.

இந்த மூன்று கேள்விகளுக்குப் பாடநூல் மட்டுமே இடம் அன்று. நம் வகுப்பறையில் ஒரு தோழியைப் பற்றி நான்கு பேர் ஒன்றைச் சொல்கிறார்கள்; ஐந்தாமவர் நம்புகிறார்; மாலைக்குள் அது வரலாறாகிவிடுகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எத்தனை பேர்? கேளாமல் நம்பும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தியின் தலைக்கு மேல் ஒரு கல்லைத் தொங்கவிடுகிறோம். அதை இறக்கி வைக்க அற்புதம் ஏதும் வேண்டாம். அவள் அருகில் போய் அமர்ந்து, "நடந்தது என்ன, நீ சொல்" என்று கேட்டால் போதும்.