நியூஹாம் நகரசபைத் தேர்தல்கள்: நாம் அறிய வேண்டிய வரலாறு

லண்டனின் கிழக்கே எமது மக்கள் பலர் வாழும் ஈஸ்ட்ஹாம், மனர் பார்க் ஆகிய பகுதிகள் நியூஹாம் நகரசபைக்கு உட்பட்டவை. கவுன்சில் வரியைத் தவறாது கட்டும் நாம், அப்பணத்தைச் செலவிடுவோர் எவ்வாறு தெரிவாகின்றனர் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

முன்னர் இங்கு இரு நகரசபைகள் இருந்தன. வெஸ்ட்ஹாம் 1886இலும், ஈஸ்ட்ஹாம் 1904இலும் நகரசபை அந்தஸ்துப் பெற்றன. துறைமுகத்திலும் பெக்டன் எரிவாயு ஆலையிலும் உழைத்தவர்கள் நிறைந்த பகுதி இது. 1898இல் தொழிலாளர் தரப்பினர் வெஸ்ட்ஹாம் சபையைக் கைப்பற்றினர். இங்கிலாந்தில் அவர்கள் ஒரு நகரசபையின் ஆட்சியைப் பிடித்தது அதுவே முதற் தடவை.

ஆயினும் அன்று எல்லோருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. வீடோ கடையோ தம் பொறுப்பில் வைத்திருந்தோருக்கே அது பெரும்பாலும் உரியதாயிருந்தது. பிறர் வீட்டில் தளபாடங்களுடன் அறை எடுத்துத் தங்கியவர்களும், பெற்றோருடன் வாழ்ந்த வயதுவந்த பிள்ளைகளும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தனர். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆகும்.

1964 மே மாதத்தில் புதிய நியூஹாம் சபைக்கு முதற் தேர்தல் நடந்தது. 1965 ஏப்ரல் 1ஆம் திகதி இரு சபைகளும் ஒன்றாயின. 2002 முதல் மேயரையும் மக்களே நேரடியாகத் தெரிவு செய்யத் தொடங்கினர்.

2010இலும் 2014இலும் 20 வட்டாரங்களில், வட்டாரத்துக்கு 3 பேராக 60 உறுப்பினர்கள் தெரிவாயினர். இரு தடவையும் 60 இடங்களையும் தொழிற்கட்சியே வென்றது. இது எப்படி என்று பலர் வியப்பர். ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 40 பேர் ஒரு கட்சியின் மூவரையும், 35 பேர் இன்னொரு கட்சியையும், 25 பேர் வேறொரு கட்சியையும் ஆதரித்தால், மூன்று இடங்களும் முதற் கட்சிக்கே போய்விடும். மற்ற 60 பேருக்கு ஓர் இடமுமில்லை.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரேனும் இல்லாத சபையில் கணக்குக் கேட்பது யார்? சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் 30 வேலை நாட்களுக்குச் சபையின் கணக்கேடுகள் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது அப்பகுதி வாக்காளர் எவரும் கணக்காய்வாளரிடம் கேள்வி எழுப்பலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். ஆகவே வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புள்ளடி இடுவதற்கு மட்டுமன்று.

பிரித்தானியப் பிரசை ஆனபின்புதான் வாக்கு என்று எம்மவரில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியன்று. இலங்கை, இந்தியா, மலேசியா யாவும் பொதுநலவாய நாடுகள். இங்கு வாழ அனுமதி பெற்ற அந்நாட்டுப் பிரசைகள் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்துப் பெற்ற இலங்கைப் பிரசைகளும் இதில் அடங்குவர். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். 2023 முதல் வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாளச் சான்றும் கேட்கின்றனர்.

அறை வாடகையில் இருந்தோர் 1945 வரை காத்திருந்து பெற்ற உரிமை இது. அறை வாடகையில் இந்நாட்டு வாழ்வைத் தொடங்கிய நாம் அதனை வீணாக்கலாமா? வீட்டில் 18 வயதானோர் அனைவரின் பெயரும் இடாப்பில் உள்ளதா என இவ்வாரமே பார்த்துக்கொள்வோம்.