பழைய மோட்டார் படகின் மின்சார அமைப்பு: பழுதறிதலும் புதுப்பித்தலும்

கோதையாறும் பறளியாறும் திருவட்டாற்றைச் சூழ்ந்து ஓடி, மூவாற்றுமுகத்தில் ஒன்றுகூடி, குழித்துறை வழியே சென்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகின்றன. நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழ்பவர்கள். படகைப் பற்றிய பாடம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தேங்காய்ப்பட்டணத்தில் நிற்கும் மோட்டார் படகிலும், நம் ஊர் டிராக்டரிலும், பாட்டரியால் கிளப்பப்படும் டீசல் இறைவை இயந்திரத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மின்சார அமைப்புத்தான். உப்புநீரும் ஓயாத அதிர்வும் சேர்வதால், வயலில் மெல்லக் கெடுவது கடலில் விரைந்து கெடுகிறது. ஆகவே படகுக்குக் கற்ற பாடம் தோட்டத்துக்கும் உதவும்.

1952-இல் ஐக்கிய நாடுகளும் இந்தியாவும் நார்வேயும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வளத் திட்டம் ஒன்று தொடங்கியது. நம் பகுதியும் அன்று திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் இருந்தது. இயந்திரப் படகுகள் இந்தக் கரையில் பரவ அத்திட்டம் ஒரு தூண்டுகோலாயிற்று. அன்று முதல் இன்று வரை படகுக்காரர்களின் பணத்தை வீணாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. இயந்திரம் கிளம்பவில்லையென்றால் உடனே புதிய பாட்டரி வாங்குவதே அது. பல சமயங்களில் குற்றம் பாட்டரியில் இல்லை. களிம்பு பிடித்த ஒரு முனையில் இருக்கிறது.

மூன்று அளவுகள்

பழுதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண வோல்ட் மீட்டர் போதும். 12 வோல்ட் அமைப்பில் எடுக்கவேண்டிய அளவுகள் மூன்று.

முதலாவது, ஓய்வு அளவு. இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் உடனே மின்னேற்றம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஓட்ட அளவு. இயந்திரம் ஓடும்பொழுது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓய்வு அளவிலிருந்து உயராவிட்டால், பெல்ட்டின் இறுக்கத்தையும் ஆல்டர்னேட்டரையும் அதன் கம்பிகளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வழியில் இழக்கும் அளவு. முக்கியமானதும் பலர் எடுக்காததும் இதுவே. கியரை நடுநிலையில் வைத்து, டீசல் இயந்திரத்தை நிறுத்தும் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை இயந்திரத்தின் உடலிலும் வைத்து, ஸ்டார்ட்டரை ஒரு கணம் சுழற்ற வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. இவ்வாறே பாட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலும் அளக்க வேண்டும்.

காரணம் எளியது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். ஓர் இணைப்பில் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே வெப்பமாகி வீணாகும். கண்ணுக்குப் புலப்படாத களிம்பு இத்தனை தடையைத் தரும். 24 வாட் விளக்கு இழுப்பதோ 2 ஆம்பியர்தான். அதன் வழியில் அரை ஓம் தடை சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் குறைந்து ஒளி மங்கும். அறுந்த இழை ஒன்றுக்காக நெசவாளர் பாவையே களைவதில்லை. இழையைத் தேடி முடிகிறார். இங்கும் முனையைக் கழற்றிச் சுரண்டித் துலக்கி இறுக்கிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

கம்பிகளைப் புதுப்பித்தல்

கம்பியின் உறையைச் சிறிது சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் முனையைத் துலக்குவதால் பயனில்லை. கம்பியையே மாற்ற வேண்டும். அதற்கான விதிகள் இவை:

1. முதலில் படம் வரைக. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் எண்சீட்டுக் கட்டுக. எல்லாவற்றையும் ஒருங்கே பிடுங்காமல், ஒரு விளக்கின் வழியை முடித்துச் சோதித்த பின் அடுத்ததைத் தொடுக.

2. வீட்டுச் சுவருக்குரிய ஒற்றைக் கம்பி படகின் அதிர்வில் முறியும். நுண்ணிழைகள் பல சேர்ந்த, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே தகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, இப்பூச்சு களிம்பைத் தடுக்கும்.

3. விளக்கு 5 மீட்டர் தொலைவில் இருந்தால் மின்சாரம் போய்வரும் வழி 10 மீட்டர். அந்த நீளத்துக்கு ஏற்ற பருமனுள்ள கம்பியைத் தேர்க.

4. மரமும் பைபரும் மின்சாரத்தைக் கடத்தா. ஆகவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் எதிர்முனைக் கம்பி தனியே திரும்பி வரவேண்டும்.

5. ஸ்டார்ட்டர் கம்பி நீங்கலாக, பாட்டரியிலிருந்து புறப்படும் நேர்முனைக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் அமைக்க வேண்டும். கம்பி தாங்கும் அளவுக்கு மேற்பட்ட பியூஸ் கூடாது. எரிந்த பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவது படகுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

6. முறுக்கி நாடா ஒட்டிய இணைப்பு கடலுக்கு உதவாது. முனைக்கண்களை அழுத்திப் பொருத்தி, நீர்புகா உறையிடுக. கம்பிகளை முழத்துக்கு ஒரு பிடிப்பிட்டு, அடியில் தேங்கும் நீருக்கு மேலே கொண்டு செல்க. நேர்முனைக் கம்பி ஒன்று அந்நீரில் கசிந்தால், நீரிலுள்ள உலோக உறுப்புகளை மின்னரிப்பு விரைந்து தின்றுவிடும்.

7. தானே இயங்கும் நீரிறைக்கும் பம்புக்கு மட்டும் தனிப் பியூஸுடன் முதன்மைச் சுவிட்சுக்கு முன்னரே இணைப்புத் தருக. ஆளில்லாதபொழுதும் அது இறைக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுக; முடிந்தபின் அதைக் கடைசியில் மாட்டுக. மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். ஆகையால் காற்றோட்டம் வேண்டும், பீடி நெருப்பு கூடாது.

உயிரும் பொருளும்

இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, மேலே வெள்ளை என்பது 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகளிலும் உள்ள ஏற்பாடு. இந்த விளக்குகள் மங்கினால், இருளில் வரும் பெருங்கப்பலின் கண்ணுக்குச் சிறு படகு இல்லாததே ஆகிவிடும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் பலரை இழந்தன. நல்ல கம்பி புயலைத் தடுக்காது. ஆனால் ஆபத்து வேளையில் விளக்கும் பம்பும் வானொலிக் கருவியும் வேலை செய்வதற்கு நல்ல கம்பியே ஆதாரம்.

இப்பணிக்கு ஏற்ற காலமும் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் ஆகும். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் செய்க.

கூட்டுறவின் அடிப்படை சிக்கனம். வேண்டாத பாட்டரிக்கு வாங்கும் கடனுக்கும் வட்டி உண்டு. அவ்வட்டி வீட்டுச் செலவிலிருந்தே போகிறது. படகுக்காயினும், டிராக்டருக்காயினும், இறைவை இயந்திரத்துக்காயினும், கடன் மனு எழுதுமுன் மேற்சொன்ன மூன்று அளவுகளையும் எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வு அளவும் ஓட்ட அளவும் சரியாக இருந்து, வழியில் மட்டும் வோல்ட் குறைந்தால், உங்களுக்கு முதலில் வேண்டியது கடனன்று. ஓர் உப்புத்தாளும், ஒரு ஸ்பானரும், அரை நாள் உழைப்புமே.