போர்டிங் தேடும் மருமகளுக்கு

ஹாலிஎல

அன்புள்ள மருமகளுக்கு,

வரும் வருடம் விடுதியில் இடம் இல்லை, வெளியில் போர்டிங் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். "நம்ம வீட்லயே இருக்கட்டுமே" என்கிறாள் உன் அத்தை. எனக்கும் ஆசைதான். ஆனால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளைக்கு அப்பால் பசறை வீதியில் இருக்கிறது. இங்கிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஆய்வுகூடம் முடிந்து, இருட்டில், மழையில் தினமும் அப்படி வந்தால் படிக்கத் தெம்பு இருக்காது. சனி ஞாயிறுக்கு இங்கே வா. மற்ற நாட்களில் வளாகத்துக்குக் கிட்டவே இரு.

விடுதியில் உனக்காக யோசிக்க ஒரு வார்டன் இருந்தார். வெளியில் அந்த வேலையும் உன்னுடையதுதான்.

அறை பார்க்கப் போனால் வாடகையைக் கேட்க முன்னர் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார். நீ வவுனியாவின் சமதரையில் வளர்ந்தவள், மலை உனக்குப் புதிது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்தது இதே பதுளை மாவட்டத்தில்தான். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோதும் இங்கே பல இடங்களில் மலை சரிந்தது. செங்குத்தாக வெட்டிய மண்மேடு, சுவரில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், திடீரென்று கிளம்பிய கலங்கல் ஊற்று: இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த வீடு வேண்டாம். நமக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அந்த மாதங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். சிவப்பு வந்த பிறகு நோட்டுப் புத்தகம் தேடிக்கொண்டு நிற்காதே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அடுத்தது காசு. நம் நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம், தங்குவதும் சாப்பிடுவதும் இலவசமில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. அந்தப் பணமும் சில நேரம் பிந்தித்தான் வரும். அதை நம்பி வாடகைக்கு நாள் குறிக்காதே. முற்பணம் எத்தனை மாதம், போகும்போது திருப்பித் தருவார்களா, லீவு மாதங்களுக்கும் வாடகை உண்டா, கரண்ட் பில்லை எத்தனை பேர் பிரிப்பது, சமைக்க விடுவார்களா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேள். வெட்கப்படாதே. கேட்டதால் முகம் சுளிக்கிற வீட்டுக்காரர் பிறகும் சுளிப்பார். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கு. ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால், வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதே.

சமையலுக்கு மூன்று பேர் சேர்ந்தால் போதும். வெலிமடைப் பக்கத்து மரக்கறி சந்தைக்கு வரும். ஒரு ரைஸ் குக்கரும் பருப்பும் இருந்தால் கடைப் பார்சல் செலவில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

இனி, மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. போர்டிங்குக்கு வரச்சொல்லி சீனியர்மார் ராகிங் செய்வதுண்டு. வளாகத்துக்கு வெளியே நடந்தால் யாரும் கேட்க முடியாது என்பார்கள். அது பொய். 1997இல் பேராதனையில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் ராகிங்கால் உயிரிழந்தான். அடுத்த வருடம் வந்த 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் ராகிங் குற்றம் என்கிறது. உனக்கு நடந்தால் சொல். நாளைக்கு நீ சீனியராகும்போது உன் அறையில் அது நடக்க விடாதே. பொலிஸில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்க உனக்கு உரிமை இருக்கிறது.

அக்கம்பக்கத்தாருடன் பேசிப் பழகு. வீட்டுக்கார அம்மாவிடம் தினம் நாலு வார்த்தை சிங்களம் பேசினாலே ஆறு மாதத்தில் மொழி வந்துவிடும். பசறை வீதியைச் சுற்றி எங்கும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. ஆனாலும் பல்கலைக்கழக அனுமதியில், பின்தங்கியவை என்று 16 மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அந்தப் பட்டியலில் பதுளையும் இருக்கிறது, உன் வவுனியாவும் இருக்கிறது. உனக்குத் திறந்த கதவு அந்தப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்று சொல்ல உன்னை விடப் பொருத்தமானவர் யார்? வாரத்தில் ஒரு மாலை லயன் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணிதம் சொல்லிக்கொடு. விடுதிக்குள் இருந்திருந்தால் அவர்களை நீ பஸ் ஜன்னலில்தான் பார்த்திருப்பாய்.

இரண்டு மூன்று வீடு பார்த்துவிட்டு எனக்குப் போன் எடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் வந்து பார்க்கிறோம். அதுவரை யாருக்கும் முற்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா