அச்சுப்பொறி கால் பணம், மை முக்கால் பணம்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது பழமொழி. வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் மலிவு விலை அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு இது அப்படியே பொருந்துகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குப் பிரிண்டரை வாங்கிவிடுகிறோம்; பின்னர் அதன் மைக்காக ஆண்டுதோறும் அதைவிட அதிகமாகச் செலவழிக்கிறோம். விலை மட்டுமே குறை என்றால் வேறு நிறுவனம் தயாரிக்கும் மலிவான மையை நாடலாம். ஆனால் பல பொறிகள் அதற்கு இடம் தருவதில்லை. புதிய கார்ட்ரிட்ஜைப் பொருத்தியதும் அதனை ஏற்க இயலாது என்னும் அறிவிப்பு தோன்றுகிறது. பொறி இயங்க மறுக்கிறது.

இக்கட்டுப்பாட்டை எதிர்த்துப் பல நாடுகளில் நுகர்வோர் முறையிட்டுள்ளனர். சில நாடுகளில் அவர்களுக்கு நிவாரணமும் கிடைத்துள்ளது. பிள்ளைகளின் செயல்திட்டம், ஆதார் நகல், வருமான வரிப் படிவம் என வீட்டுக்கு வீடு அச்சுத் தேவை பெருகிவிட்ட இக்காலத்தில், இந்த வணிகமுறை எவ்வாறு இயங்குகிறது, நம் பணம் எவ்வாறு கரைகிறது, சட்டம் நமக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பவற்றை இப்பகுதியில் வரிசையாகக் காண்போம்.

முதலீடும் நடப்புச் செலவும்

ஒரு பொருளை வாங்கும்போது ஒருமுறை தருவது முதலீட்டுச் செலவு. அதனைப் பயன்படுத்தும் காலமெல்லாம் தருவது நடப்புச் செலவு. சிறு தொழிலுக்கான கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நாங்கள், இவ்விரண்டையும் தனித்தனியே காட்டுமாறு கேட்பது வழக்கம். பொறி மலிவாகக் கிடைப்பதாலேயே தொழில் இலாபத்தில் நடக்கும் என்று கொள்ள முடியாது. வீட்டுக் கணக்குக்கும் இதே விதி பொருந்தும்.

சவரக் கருவியைக் குறைந்த விலைக்குத் தந்து, பிளேடு விற்பனையில் இலாபம் காணும் உத்தி வணிகவியல் மாணவர் அனைவரும் படித்ததே. மலிவு விலை இங்க்ஜெட் பிரிண்டர்கள் இவ்வுத்தியைப் பின்பற்றுபவை. பொறியில் விட்டுக்கொடுத்த தொகையை நிறுவனம் மையின் விலையில் மீட்டுக்கொள்கிறது. இது தன்னளவில் சட்டத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் நிறுவனத்தின் கணக்கு நிறைவேற வேண்டுமெனில், வாங்கியவர் வேறு மையை நாடாதிருக்க வேண்டும். அதற்காகத்தான் பொறிக்குள் பூட்டு வைக்கப்படுகிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

முதலாவது, சிப். கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு மின்னணுச் சில்லு, தான் எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைப் பொறிக்குத் தெரிவிக்கிறது. எத்தனை பக்கம் அச்சாயிற்று என்னும் கணக்கையும் பல சிப்புகள் வைத்துக்கொள்கின்றன. உள்ளே சிறிது மை எஞ்சியிருந்தாலும் கணக்கு முடிந்துவிட்டால் 'காலி' என்ற அறிவிப்பு வந்துவிடும்.

இரண்டாவது, ஃபர்ம்வேர். பொறியை இயக்கும் உள்மென்பொருளுக்கு இப்பெயர். இணையத்தோடு இணைந்த பிரிண்டர், இதன் புதிய பதிப்பைத் தானாகவே பெற்றுக்கொள்ளக் கூடியது. நேற்றுவரை வேற்று நிறுவன மையை ஏற்ற பொறி, இன்று மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாவது, சந்தா. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் எச்.பி. நிறுவனம் நடத்தும் 'இன்ஸ்டன்ட் இங்க்' திட்டத்தில், மாதத்துக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கில் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. சந்தாவை நிறுத்தினால், கட்டணக் காலம் முடிந்தபின் அத்திட்டத்தின் கீழ் வந்த கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது. உள்ளே மை இருப்பினும் அதனைப் பயன்படுத்த வழியில்லை.

இவை தவிர, பொறியின் முனையைத் தூய்மை செய்வதற்கும் மை செலவாகிறது. கறுப்பு எழுத்தை மட்டும் அச்சிட விரும்பினாலும், வண்ண மை தீர்ந்துவிட்டால் நின்றுவிடும் பொறிகளும் உண்டு.

ஒரு கணக்குப் பயிற்சி

விலைகள் மாடலுக்கு மாடல் மாறுபடும். ஆகவே கீழே உள்ள எண்களை எடுத்துக்காட்டாக மட்டும் கொண்டு, உங்கள் பொறிக்குரிய எண்களைப் பதிலாக இட்டுப் பாருங்கள்.

'அ' என்பது கார்ட்ரிட்ஜ் பிரிண்டர், விலை ரூ.4,000. அதன் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் ரூ.720, அது 120 பக்கம் தரும். ஆகவே பக்கத்துக்கு மைச் செலவு 6 ரூபாய். 'ஆ' என்பது மையைக் குப்பியிலிருந்து ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டர், விலை ரூ.11,500. அதன் கறுப்பு மைக்குப்பி ரூ.450, அது 4,500 பக்கம் தரும். பக்கத்துக்குச் செலவு 10 காசு.

வாரத்துக்கு 30 பக்கம், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் ஆண்டுக்கு 1,500 பக்கம். மூன்று ஆண்டுகளில் 4,500 பக்கம். 'அ' பொறிக்கு மை மட்டும் ரூ.27,000, பொறியின் விலையும் சேர்ந்து ரூ.31,000. 'ஆ' பொறிக்கு மொத்தம் ரூ.11,950. தொடக்கத்தில் கூடுதலாகத் தந்த ரூ.7,500, ஏறத்தாழ 1,270 பக்கங்களில், அதாவது ஓராண்டுக்குள், மீண்டுவிடுகிறது.

மாதத்துக்கு ஐந்து பக்கம் மட்டுமே அச்சிடும் குடும்பத்துக்குக் கணக்கு வேறு. மூன்று ஆண்டுகளில் 180 பக்கம். 'அ' பொறிக்கு மொத்தம் ரூ.5,080. 'ஆ' பொறியோ வாங்கும் விலையிலேயே இதன் இருமடங்கைத் தாண்டிவிடுகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 5 ரூபாய் கொடுத்தாலும் 180 பக்கத்துக்கு ரூ.900 தான். நெடுநாள் பயன்படுத்தாத இங்க்ஜெட் பொறியில் மை உலர்ந்து முனை அடைத்துக்கொள்ளும் தொல்லையும் கடையை நாடுவோருக்கு இல்லை. பொறியே வேண்டாம் என்பதும் ஒரு நல்ல நிதி முடிவாக அமையலாம்.

பிற நாடுகளில் எழுந்த வழக்குகள்

2016 செப்டம்பர் 13 அன்று எச்.பி. நிறுவனத்தின் ஆபிஸ்ஜெட் வகைப் பொறிகள் பல, அதுவரை ஏற்றுவந்த வேற்று நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. குறிப்பிட்ட நாளில் செயற்படுமாறு ஃபர்ம்வேரில் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததே காரணம். கண்டனம் வலுத்ததும், தடையை நீக்கும் மாற்றுப் பதிப்பை வழங்குவதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு, 2018-இல் 15 இலட்சம் டாலர் தொகைக்குச் சமரசமாக முடிந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில், பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தலா 50 ஆஸ்திரேலிய டாலர் வழங்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. வேற்று நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களுக்குத் தடை இருப்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது ஆணையத்தின் ஒரு முடிவு. எந்தக் கார்ட்ரிட்ஜ் பயன்படுத்தப்படுகிறது என்ற தகவலை வாடிக்கையாளர் அறியாமலே பொறிகள் வழியே திரட்டி, அதனை உத்தரவாதச் சேவையை மறுக்கவும் பயன்படுத்தியது என்பது மற்றொன்று. தடை இருப்பதை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாததையே இந்த ஆணையம் முதன்மைக் குற்றமாகக் கொண்டது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் வழக்கு வேறு வகையினது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சில கார்ட்ரிட்ஜ்களை அது தள்ளுபடி விலையில் விற்றது. காலியானவற்றை வாங்கி மீண்டும் நிரப்பி விற்றவர்கள் மீது காப்புரிமை வழக்குத் தொடர்ந்தது. பொருளை விற்றவுடன் அதன்மீது விற்றவருக்கிருந்த காப்புரிமை முடிந்துவிடுகிறது என்று 2017 மே 30 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022-இன் தொடக்கத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வு இத்துறையின் உண்மை நிலையைத் தானாகவே வெளிப்படுத்தியது. உலகெங்கும் சிப் தட்டுப்பாடு நிலவியதால், கேனான் நிறுவனம் அலுவலகப் பொறிகளுக்கான சில டோனர் கார்ட்ரிட்ஜ்களைச் சிப் இல்லாமலே விற்க நேர்ந்தது. தன் சொந்தக் கார்ட்ரிட்ஜ் குறித்துத் தன் சொந்தப் பொறி காட்டும் எச்சரிக்கையை எவ்வாறு கடந்து செல்வது என்று, அந்நிறுவனத்தின் ஜெர்மனிக் கிளையே வாடிக்கையாளர்களுக்கு வழிகாட்டியது. சிப் இல்லாவிடினும் அச்சுத் தரம் குறையாது என்றும், மையின் அளவைக் காட்டும் வசதி போன்றவை மட்டும் பாதிக்கப்படலாம் என்றும் அது தெரிவித்தது.

நிறுவனங்களின் தரப்பு

மறுதரப்பையும் கேட்பதே முறை. தரம் குறைந்த மை முனையை அடைத்துப் பொறியைக் கெடுக்கக்கூடும். போலிக் கார்ட்ரிட்ஜ்கள் சந்தையில் உலவுகின்றன. ஆய்வுக்குச் செய்த செலவை மையின் மூலமே ஈட்ட வேண்டியுள்ளது என நிறுவனங்கள் கூறுகின்றன. இவற்றில் நியாயம் இல்லாமலில்லை. வேற்று மையால் பழுது நேர்ந்தால் உத்தரவாதம் பொருந்தாது என்று நிபந்தனை இருக்குமாயின், அந்த இழப்பை வாங்கியவரே ஏற்க நேரும். ஆயினும், அபாயத்தை எடுத்துச் சொல்லி முடிவை வாங்கியவரிடம் விடுவது ஒன்று. விற்ற பிறகு பூட்டுவது மற்றொன்று. நுகர்வோரின் குறை இரண்டாவதைப் பற்றியதே.

இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்பதைப் புகாருக்குரிய காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. ஒரு பொருளைப் பெற வேண்டுமெனில் மற்றொரு பொருளையும் வாங்க வேண்டும் என முன்நிபந்தனை விதிப்பது அதன் வரையறையில் அடங்கும். தவறான விளம்பரமும், தகவலை மறைத்து விற்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்னும் தலைப்பின்கீழ் கேள்விக்குரியவை. பிரிண்டர் மைக்கு இவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும், விற்பனையின்போது சொல்லப்பட்டதையும் பொறுத்தது.

ஒப்புநோக்கத் தக்கது மோட்டார் வாகனத் துறை. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அளவுக்குத் தண்டம் விதித்தது. அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தன. எனினும், ஒரு பொருளை விற்றபின் அதனைச் சார்ந்து உருவாகும் சந்தையும் போட்டிச் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டது என்பதை அவ்வாணை உணர்த்தியது.

குறை உடையோர் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்குப் பின்னும் தீராவிடில், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யலாம். இணையவழியிலும் இதனைச் செய்ய இயலும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மிகாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

சந்தாவும் உங்கள் கணக்கும்

மைக்காகவோ பிறவற்றுக்காகவோ கார்டிலிருந்து மாதந்தோறும் தானாகத் தொகை கழியுமாறு ஒப்புதல் அளிப்பவர்கள், ரிசர்வ் வங்கியின் விதிகளை அறிந்திருப்பது நலம். ஒப்புதலைப் பதிவு செய்யும்போது ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு தேவை. அதன்பின் பொதுவாக ரூ.15,000 வரையிலான தொகைகள் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேளாமலே கழியும். ஆயினும் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பது, கையெழுத்திட்ட காசோலையை மேசைமீது வைத்துவிட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. ஒரு கார்ட்ரிட்ஜ் அல்லது குப்பியின் விலை என்ன? எத்தனை பக்கம் தரும்? அந்த எண் ஐ.எஸ்.ஓ. தரமுறைப்படி அளந்ததா?

2. பொறியோடு வரும் கார்ட்ரிட்ஜ் முழு அளவினதா, குறைந்த மை கொண்ட தொடக்கக் கார்ட்ரிட்ஜா?

3. வேற்று நிறுவன மையைப் பொறி ஏற்குமா? பின்னர் வரும் ஃபர்ம்வேரால் அது மாறக்கூடுமா? பெட்டியிலும் நிறுவன இணையதளத்திலும் இதுபற்றி என்ன அச்சிடப்பட்டுள்ளது?

4. ஒரு வண்ணம் தீர்ந்தால் கறுப்பில் அச்சிட இயலுமா? ஸ்கேன் செய்ய இயலுமா?

5. வேற்று மையைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும்?

விற்பனையாளர் தரும் பதிலை இயன்றால் மின்னஞ்சலில் பெறுங்கள். பில்லையும், பெட்டியின் மேல் அச்சிட்ட நிபந்தனைகளின் படத்தையும் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் புகார் செய்ய நேர்ந்தால் இவையே சான்றாகும்.

பொறியை வீட்டுக்குக் கொண்டுவந்தபின் நமக்கிருக்கும் வழி முறையீடு ஒன்றே. அதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். கடையில் நிற்கும்போது நம் கையில் இருக்கும் வலிமை அதனினும் பெரிது. ஆகவே பொறியின் விலையைக் கேட்கும் அதே மூச்சில், ஒரு பக்கத்துக்கு என்ன செலவாகும் என்பதையும் கேளுங்கள்.