படத்தொகுப்பில் முற்றும் எச்சமும்

முன்னுரை

கடல் கடந்து பொருளீட்டல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய கடற்கரையூர்களின் முஸ்லிம்கள் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வணிகர்களாகச் சென்றனர். 1970களில் வளைகுடா நாடுகளில் எண்ணெய் வளம் பெருகியபின் தொழிலாளராகவும் எழுத்தராகவும் அங்குச் சென்றோர் பலர். அவர்தம் வழிவந்தோருள் சிலர் இன்று ஒளிப்பதிவுக் கருவியைச் சுமந்து அதே நாடுகளுக்குச் செல்கின்றனர். துபாயிலுள்ள தகவல்தொடர்பு நிறுவனங்களில் ஒளிப்பதிவாளராகவும் படத்தொகுப்பாளராகவும் பணிபுரிவோருள் நம் துறையில் பயின்றோரும் உளர்.

"தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. இலக்கணம் அறிந்தவனிடமே அத்தொழிலின் மிகப் பொறுப்பான பகுதியை நம்பி ஒப்படைக்கலாம் என்பது என் விடை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலின் இயல்பு

துபாய் ஊடக நகரம் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. செய்தி நிறுவனங்கள், தொலைக்காட்சி நிலையங்கள், விளம்பர நிறுவனங்கள் முதலியன அங்கு ஒருசேர இயங்குகின்றன. இவற்றுள் தகவல்தொடர்பு நிறுவனம் என்பது தனக்காகப் படம் எடுப்பதன்று. வங்கி, மருத்துவமனை, கட்டுமான நிறுவனம் போன்ற வாடிக்கையாளர்களின் சார்பில் அவர்தம் செய்தியைப் படமாக்கித் தருவது. ஆண்டுவிழாப் படம், பயிற்சிப் படம், பணியாளர் நேர்காணல் ஆகியன அதன் அன்றாடப் பணிகள்.

சிறு நிறுவனங்களில் ஒருவரே படமெடுத்து, ஒலி பதிந்து, தொகுத்தும் தர வேண்டும். எடுத்த பதிவுகளை உடனே இரு வேறு வன்தட்டுகளில் படியெடுத்தல், பேச்சை எழுத்தில் பெயர்த்தல், தேவையான பகுதிகளைக் குறித்தல், வரிசைப்படுத்தல், அடியெழுத்து இடுதல், வாடிக்கையாளர் சொல்லும் திருத்தங்களைச் செய்தல் என்று பணி நீளும். அமீரகத்தின் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் ஆதலின், விளக்கொளி துடியாமலிருக்க நொடிக்கு 25 சட்டகம் என்னும் கணக்கில் பதிவு செய்வது வழக்கம். அரபு அடியெழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. நிறுத்தக்குறிகள் இடம் மாறிவிடாமல் காத்தலும் தொகுப்பாளர் கடனே.

புறப்படுமுன் அறிய வேண்டியவை

அமீரகத்தின் தனியார்துறைத் தொழிலாளர் சட்டமாகிய 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணைச்சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது வேலை நேர வரம்பு. தகுதிகாண் பருவம் 6 மாதத்தைக் கடத்தலாகாது. ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளரிடமிருந்து பெறுதலும், கடவுச்சீட்டைப் பிடித்துவைத்தலும் தடுக்கப்பட்டவை. பெற்றோர் இறந்தால் ஊதியத்துடன் 3 நாள் விடுமுறை உண்டு. சுற்றுலா விசாவில் சென்று வேலை பார்த்தல் குற்றமாகும். "முதலில் வந்து சேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் முகவர் சொல்லை நம்பலாகாது.

ஒளிப்பதிவாளர் கருத்தில் கொள்ள வேண்டியன வேறும் உள. பொதுவிடங்களில் தொழில்முறைப் படப்பிடிப்பு நடத்த முன் அனுமதி பெறவேண்டும். பிறரை அவர்தம் இசைவின்றிப் படமெடுத்து அந்தரங்கத்தைக் குலைப்பது 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குதல் தடை செய்யப்பட்டுள்ளது. கட்டுமானக் களத்தில் படமெடுக்கத் திட்டமிடுவோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

இவை சட்டம் விதிக்கும் கடமைகள். சட்டத்தின் கண்ணில் படாத கடமை ஒன்று உண்டு. அது தொகுப்பறையில் எழுவது.

கண்ணிமைப்பொழுது

தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் அளவாகக் கூறினார் என்பதை மாணவர் அறிவர். அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், தம் தொழிலைப் பற்றி எழுதிய நூலில், படத்தில் நிகழும் வெட்டினை மனிதன் கண்ணிமைப்பதோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார். ஒலியை அளந்தவரும் காட்சியை அளந்தவரும் ஒரே அளவுகோலைக் கையிலெடுத்தமை வியப்பிற்குரியது. பேச்சில் ஓர் அசை ஒலிக்கும் நேரத்தில் கடந்து செல்வன சில சட்டகங்களே. அச்சில சட்டகங்களை நீக்கினால் ஒருவருடைய கருத்தே மாறிவிடும். அஃது எவ்வாறு எனக் காண்போம்.

முற்றும் எச்சமும்

அரபு மொழியில் லா, லம், லன் என்னும் எதிர்மறைச் சொற்கள் வினைக்கு முன்னே வருகின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரும்பாலும் அவ்வாறே. தமிழிலோ வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பது. எதிர்மறையும் அவ்விறுதியிலேயே தங்குவது. 'வருவேன் என்று சொன்னேன்', 'வருவேன் என்று சொல்லவில்லை' என்னும் இரு தொடர்களும் கடைசிச் சொல் வரை ஒன்றே. இறுதிச் சொல்லை வெட்டிவிட்டால் மறுத்தவரும் உடன்பட்டவராவார். 'கூலி கொடுத்தது' என்பதற்கும் 'கூலி கொடுத்ததாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஈற்றிலுள்ள ஓரசை மட்டுமே. முன்னது தான் கண்டது. பின்னது பிறர் சொல்லக் கேட்டது.

ஆகவே, தமிழறியாத தொகுப்பாளர் தமிழ்ப் பேச்சை மூச்சு விடும் இடத்தில் வெட்டினால் பிழை நேர வாய்ப்பு மிகுதி. பேசுவோர் மூச்சு விடும் இடமெல்லாம் முற்று அன்று. அஃது எச்சமாகவும் இருக்கலாம். எச்சம் எதனைக் கொண்டு முடிகிறது என்று பார்த்தபின்னரே கத்திரியை எடுக்கவேண்டும் என்பது நாம் வகுப்பில் கற்கும் இலக்கணமேயன்றி வேறன்று.

வக்ஃபு கற்பிக்கும் பாடம்

நம் மாணவர்க்கு இக்கருத்து இளமையிலேயே அறிமுகமானது. திருக்குர்ஆன் ஓதும் முறையில் நிறுத்தி ஓதுவதற்கு வக்ஃபு என்று பெயர். மீம் என்னும் அடையாளம் இட்ட இடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். ஜீம் இட்ட இடத்தில் நிறுத்தலாம், தொடரவும் செய்யலாம். லாம் அலிஃப் இட்ட இடத்தில் நிறுத்தலாகாது. தவறான இடத்தில் நிறுத்தினால் சொற்கள் மாறாமலே பொருள் மாறிவிடும் என்பதனாலன்றோ முன்னோர் இவ்வடையாளங்களை வகுத்தனர்? மதரஸாவில் உஸ்தாது கண்டித்துத் திருத்திய இடங்கள் யாவும் தொகுப்பறைக்குரிய பாடங்களே. மனிதர் பேச்சில் அவ்வடையாளங்கள் எழுதப்பட்டிருப்பதில்லை. கேட்பவரே அவற்றை உணர்ந்து இட வேண்டும்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகட்குமுன், துபாயில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் இரவில் தொலைபேசியில் அழைத்தார். கட்டுமான நிறுவனம் ஒன்றின் ஆண்டுவிழாப் படத்திற்காகத் தொழிலாளர் சிலரை அவர் நேர்காணல் செய்திருந்தார். அவர்களுள் இராமநாதபுர மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் தமிழில் பேசினார்: "எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை." தாயார் மவுத்தான செய்தி கேட்டு அவர் புறப்பட்டுள்ளார், ஊர் சேருமுன் ஜனாஸா அடக்கம் முடிந்துவிட்டது. 3 நாள் விடுமுறை சட்டத்தில் இருக்கலாம், ஜனாஸா காத்திராது.

தயாரிப்பாளர் தமிழறியாதவர். எழுத்தில் பெயர்த்த தாளைப் பார்த்து, 'ஒரு குறையும் இல்லை' என்பதோடு வெட்டுமாறு பணித்துள்ளார். ஒவ்வொருவர்க்கும் 15 நொடிதான் என்பது அவர் கூறிய காரணம்.

"ஐயா, நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எல்லாம் அவர் வாயால் சொன்னவைதாம். இது பொய்யாகுமா?" என்று மாணவர் கேட்டார்.

"அந்தப் படத்தை அவருக்கே போட்டுக் காட்டினால், நான் சொன்னது இதுதான் என்று ஒப்புக்கொள்வாரா?" என்று கேட்டேன். மறுமுனையில் பேச்சில்லை.

வைத்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. அறிவுரை சொல்வது எளிது. அவருடைய விசாவும், ஊரிலுள்ள தங்கையின் திருமணமும் அவ்வேலையை நம்பியிருந்தன. வேலை போனால் அந்நாட்டில் தங்கவும் இயலாது.

மறுநாள் அவர் தயாரிப்பாளரிடம் தொடரின் முழுப்பொருளையும் விளக்கியிருக்கிறார். இரண்டு வழிகளையும் முன்வைத்திருக்கிறார்: ஒன்று, தொடரை முழுமையாக வைப்பது, மற்றது, அதே நேர்காணலில் புதிதாக வந்த இளைஞர்க்குக் கம்பி கட்டக் கற்றுக்கொடுத்ததை அப்பெரியவர் பெருமையோடு சொன்ன பகுதியை வைப்பது. காலதாமதத்திற்காகத் தயாரிப்பாளர் கடிந்துகொண்டாலும் இரண்டாவதை ஏற்றார்.

இது முழு வெற்றி அன்று. அத்துயரம் திரைக்கு வரவில்லை. இன்றும் ஏதோ ஒரு வன்தட்டில் கிடக்கலாம். ஆயினும், சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அம்மனிதர் ஆக்கப்படவில்லை. ஒருவர் தம் சொல்லை நம்மிடம் பதிவு செய்யத் தருவது அமானிதம். அமானிதத்தில் ஒரு பகுதியை வெளிப்படுத்தாதிருக்க நேரலாம். அதனை மாற்றிக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

முடிவுரை

இத்தொழிலை நாடும் மாணவர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரை ஐந்து நிமிடம் பேசச்செய்து, அவர் இசைவுடன் பதிவு செய்யுங்கள். பேச்சைத் தாளில் எழுதி, முற்று எது, எச்சம் எது, நிறுத்தலாகாத இடம் எது எனக் குறியுங்கள். பின்னர் அதனை ஒரு நிமிடமாகச் சுருக்கி அவருக்கே போட்டுக் காட்டுங்கள். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் சொன்னால் நீங்கள் தேறியவர். முகம் சுளித்தால் வெட்டிய இடத்திற்குத் திரும்பிச் செல்லுங்கள்.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும், மென்பொருள்கள் மாறும், பணிபுரியும் நாடும் மாறலாம். பிறர் சொல்லை எங்கே முடிப்பது என்னும் பொறுப்பு மட்டும் மாறாது. அப்பொறுப்பைத் தாங்கும் நெஞ்சுரத்தை வல்ல இறைவன் நம் மாணவர்க்கு நல்குவானாக.